இடது பக்கம் எலும்பு இல்லை

"வயித்துலயா?"

"வயித்துலதான். வலது பக்கம், தோலுக்கு அடியில. கெட்டுப்போவாம இருக்கும்னு அங்க வெச்சித் தெச்சிட்டாங்க."

"ஏன், ஃபிரிஜ்ஜுல வெக்க மாட்டாங்களா?"

"அதுக்கு வேற மாரி ஃபிரிஜ் வோணுமாம். நம்ம ஒடம்புதான் தோதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப நீ சோறு துன்னா அது மேல போயி வுழாதா?"

"டேய், அது குடல்ல இல்லடா. தோலுக்கும் சதைக்கும் நடுவுல, கொழுப்புல சொருவி வெச்சிகீறாங்க."

"ஒன் வயித்துல கொழுப்பா? அத்த தேடி எடுக்கறதுக்கே தனியா ஒரு டாக்டர் வந்திருப்பாரே."

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு கிதர் முகம்மது கோழித்தொடையை இரண்டாக வெட்டித் தராசில் போட்டான். உத்திரமேரூர் பஜாரில் அவனுடைய அப்பா வைத்திருந்த கறிக்கோழிக் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் மோகன்குமார். இருவரும் பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. மோகன்குமாரின் தலையில் கறுப்பு நிறத்தில் முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் இருந்தது. முன்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டிருந்தான். கறி வாங்க வந்தவர்கள் முதலில் கோழியைப் பார்த்தார்கள், அப்புறம் அவனைப் பார்த்தார்கள், அப்புறம் அவன் உட்கார்ந்திருந்தது வண்டியா ஸ்டூலா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார்கள்.

ஆனி மாதம் ஏரிக்கரைச் சாலையில் மோகன்குமார் பைக்கோடு விழுந்தான். சென்னையில் ஆபரேஷன் செய்து, மூளை வீங்கியிருந்ததால் இடது பக்க மண்டை ஓட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து அவன் வயிற்றுக்குள் பத்திரப்படுத்தினார்கள். தை மாதம் மறுபடியும் ஆபரேஷன் செய்து துண்டை இடத்தில் பொருத்துவார்கள். அதுவரைக்கும் அந்த இடத்தில் தோல் மட்டும்தான். "முட்டையைக் கையில வெச்சிருக்கற மாதிரி தலையை வெச்சுக்கோ. ஒரு சின்ன இடி பட்டாலும் நேரா மூளைதான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கட்டுப் போட்ட நர்ஸ், வார்டில் யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று, பேண்டேஜின் மேல் பேனாவால் பெரிதாக எழுதினாள்: இடது பக்கம் எலும்பு இல்லை.

அந்தப் பேண்டேஜோடு ஊர் திரும்பிய அன்று கிதர் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். அழப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தபோது, "இன்னாடா இது, எங்கடையில எழுதி வெக்கற மாரி வெச்சிகீறாங்க. போன்லெஸ்ஸா நீ?" என்றான். அன்றிலிருந்து பஜாரில் அவன் பெயர் போன்லெஸ் மோகன்.

"வண்டி இன்னா ஆச்சுன்னு பாத்தியா?" என்று கிதர் இப்போது கேட்டான்.

"மெக்கானிக்கு பாக்கறான். திவ்யா கூட கீறா."

காலையில் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பியவர்களின் சிவப்பு ஸ்கூட்டி, பஜாருக்கு வந்ததும் இருமி இருமி நின்றுவிட்டது. மோகன்குமாரின் மனைவி திவ்யாதான் ஓட்டி வந்தாள். அவன் விழுந்த பிறகுதான் அவள் வண்டி பழகினாள். ஆடியில் வற்றிக் கிடந்த ஏரிக்குள், மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே வாரத்தில் பழகினாள். அவர்கள் ஊரான சின்னப்பூண்டிக்குப் பஸ் வருவது எப்போதாவதுதான். மாதம் ஒருமுறை காயத்தைக் காட்டப் போக வேறு வழி இல்லை.

திவ்யா துப்பட்டாவால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சாயந்தரம்தான் ஆவுமாம். இன்னாங்க பண்றது? டாக்டரு மதியத்துக்கு மேல இருக்க மாட்டாரு."

கிதர் கல்லாவிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். "நம்ம வண்டிய எட்துக்கினு போம்மா. பின்னாடி பெட்டி மட்டும் கொஞ்சம் கோழி வாசன அடிக்கும். இவனுக்குத்தான் ஹெல்மெட் கீதே, மூக்குல ஏறாது."

"ஒங்களுக்குக் கறி போட லைனுக்குப் போவ வண்டி வோணாமாண்ணா?"

"தம்பி வண்டி கீது. போயிட்டு வாங்க. டேய் போன்லெஸ், எதுலயும் முட்டிக்காத."

கிதரின் ஸ்கூட்டர் கறுப்பு நிறம். மோகன்குமார் பின்னால் ஏறி உட்கார்ந்து முன்கண்ணாடியை இறக்கினான். ஒலி எல்லாம் ஒரு படி கீழே இறங்கியது. அவனுக்கு இது பழகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு தண்ணீர்த் தொட்டிக்குள் கேட்பதுபோலக் கேட்கும். வெளியே இருப்பவர்கள் வாயசைப்பார்கள். சில சமயம் அவர்கள் சொல்லாத வேறு ஏதோ ஒன்றை அவர்கள் வாய்க்குப் பொருத்திப் பார்ப்பான். பூக்காரி ஒரு முழம் அளந்துகொண்டே அவனிடம் ஏதோ நாட்டின் தலைநகரம் என்ன என்று கேட்பாள். டிராஃபிக் கான்ஸ்டபிள் கையைத் தூக்கி, கடலைப் பார்த்திருக்கிறாயா என்பார். நேரம் போவதற்கு இது உதவியது.

இந்த ஹெல்மெட்டைத் திவ்யா காஞ்சிபுரத்தில் வாங்கினாள். எலும்பில்லாத இடத்தில் எதுவும் உரசக் கூடாது என்பதற்காக ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டாள். அந்த சைஸில் கறுப்புதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இடது பக்க ஸ்பாஞ்சையும் அதற்குப் பின்னால் இருந்த தெர்மாகோலையும் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டாள். போடும்போதும் கழற்றும்போதும் வலது பக்கமாகச் சாய்த்து மெதுவாக நகர்த்த வேண்டும். அதை அவள் மட்டும்தான் செய்வாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டில் எல்லா வாசல் நிலைகளும் தாழ்வானவை, வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இடித்துக்கொண்டவர்கள்தான். அதனால் தூங்கும் நேரம் தவிர வீட்டுக்குள்ளும் மோகன்குமார் ஹெல்மெட்டோடுதான் இருந்தான்.

அதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள் மதியம் ஆதிலட்சுமி புல்கட்டோடு சாலையோரம் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கை நிறுத்தி, சாலவாக்கத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்கள். அவள் புல்கட்டைப் பிடித்திருந்த கையை விட்டுத் திசை காட்டினாள். அந்தக் கை இறங்குவதற்குள் பின்னால் இருந்தவன் அவள் கழுத்துச் சங்கிலியை இழுத்தான். கணவர் இறந்த பிறகு தாலியை அழித்துச் செய்துகொண்ட சங்கிலி அது. அவள் விடவில்லை. பைக்கோடு கொஞ்ச தூரம் ஓடினாள். சங்கிலி அறுந்து பாதி அவனிடம் போனது, பாதி அவள் கழுத்துச் சதையில் பதிந்து நின்றது. போலீஸ் வந்து, ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டபோது அவளால் ஒன்றுதான் சொல்ல முடிந்தது. "மூஞ்சி இல்லைங்க. கறுப்பா ஒரு உருண்டைதான் இருந்துச்சி."

அதற்குப் பிறகு ஹெல்மெட்டைக் கண்டால் அவள் உடம்பு உதறியது. அதே உருண்டையோடு மகன் வீட்டுக்குள் உலவினான். ஒருநாள் மாலை அவன் தோட்டத்துப் பக்கமிருந்து உள்ளே வந்தபோது அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. அதிலிருந்து அவன் எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைவான். "எம்மா, நான்தான்." கொல்லைக்குப் போய்விட்டு வந்தாலும் "எம்மா, நான்தான்." அவள் உள்ளேயிருந்து "சரி நைனா" என்ற பிறகு வருவான்.

ஒரு வீட்டுக்குள் இப்படிச் சமாளித்துக்கொண்டார்கள். ஊர் வேறு மாதிரி முடிவெடுத்தது. வார்டு மெம்பர் தாண்டவராயன் உத்திரமேரூரில் ஃபிளெக்ஸ் அடித்து வந்து ஊர் முனையில் கட்டினார். "எச்சரிக்கை! ஹெல்மெட் அணிந்து ஊருக்குள் வரக் கூடாது. மீறினால் வண்டி பிடிக்கப்படும். இப்படிக்கு, சின்னப்பூண்டி ஊர்ப் பொதுமக்கள்." அதற்குப் பத்தடி தள்ளி, தலைக்கவசம் உயிர்க்கவசம் என்ற அரசாங்கப் பலகை ஏற்கெனவே இருந்தது. ஊரைவிட்டுப் போகிறவன் முதலாவதைத் தாண்டி இரண்டாவதைப் படித்துப் போட்டுக்கொள்ள வேண்டும், வருகிறவன் இரண்டாவதைத் தாண்டி முதலாவதைப் படித்துக் கழற்ற வேண்டும். இளைஞர்கள் நான்கைந்து பேர் முனையில் காவலுக்கு உட்கார்ந்தார்கள்.

டீக்கடையில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. மோகன்குமாரும் அங்கே இருந்தான்.

"ஹெல்மெட் எவன்டா போட்றான் நம்ம பக்கம்?" என்று தாண்டவராயன் கேட்டார். "ஒண்ணு சங்கிலி அறுக்கறவன். இல்ல, டியூ கட்டாத வண்டிய தூக்க வர்ற ஃபைனான்சுக்காரன். ரெண்டு பேரும் ஊருக்கு ஆவாதவனுங்க."

"போலீசு ஃபைன் போட்றாங்களே மாமா."

"உத்தரமேரூர்ல போட்டுக்கோ, காஞ்சிவரத்துல போட்டுக்கோ. ஊருக்குள்ள வர சொல்ல மூஞ்சி தெரியணும். எதிர்ல பெரியவங்க வந்தா இன்னா, எங்க போறேன்னு கேக்க வாணாம்? இப்ப எவன் போறான்னே தெரியல, சர்ருனு போயிக்கினே கீறான்."

"போட்டா காது கேக்கல மெம்பரே. பின்னாடி லாரி வந்து ஏறினாத்தான் தெரியுது."

"முடியும் கொட்டுது."

"ஒனக்குக் கொட்றதுக்கு இன்னாடா கீது? போட்டா வெயிலாவது படாம இருக்கும், போட்டுக்க."

சிரிப்பு அடங்கியதும் யாரோ மோகன்குமாரைக் காட்டினார்கள். "இதோ கீறானே. அன்னிக்கி இத்தப் போட்டிருந்தா இன்னிக்கி இது தேவயா?"

"போட்டிருந்தா கழுத்து ஒடிஞ்சிருக்கும்" என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். "மண்டையாச்சும் வயித்துல பத்திரமா கீது. கழுத்து ஒடிஞ்சா எங்க கொண்டுபோயி வெப்பான்?"

மோகன்குமாரும் சிரித்தான். அவன் சிரிப்பு அவனுக்கு மட்டும் கேட்டது. இரண்டு கட்சிக்கும் அவனே சாட்சியாக இருந்தான், ஆனால் இரண்டு கட்சியும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் தாண்டவராயன் அவன் தோளில் கை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். "ஒனக்கு மட்டும் வெலக்கு நைனா. ஒன்ன யாருக்குத் தெரியாது? அந்த செவப்பு ஸ்கூட்டிய தூரத்துல பாத்தாலே நீதான்னு தெரிஞ்சிபோவும்."

அன்றைக்கு ஏன் போடவில்லை என்று டீக்கடையில் யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், மூவரும் ஒரே வீட்டில்.

புது பைக் வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த ஹெல்மெட் மாட்டுக் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. ஆதிலட்சுமி அதை நிமிர்த்தி, வைக்கோல் போட்டு, முட்டை வைத்து, ஒரு கருங்கோழியை அடைக்கு உட்கார வைத்திருந்தாள். அளவு கச்சிதமாக இருந்ததில் அவளுக்குப் பெருமை. ஒரகடத்தில் வேலை பார்க்கும் மோகன்குமாருக்கு அன்று லீவு. உத்திரமேரூரில் செக்கிங் நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

"அட கோழிய எழுப்பாத நைனா, முட்ட கூமுட்டையா பூடும்" என்றாள் ஆதிலட்சுமி. "ஏரிக்கர மேல போயிடு. அங்க எந்தப் போலீசு வந்து நிக்கப்போறான்?"

அவன் ஏரிக்கரை மேல் போனான். போலீஸ் யாரும் இல்லை. முந்தின நாள் பெய்த மழையில் களிமண் வழுக்கலாக இருந்தது.

கோழி குஞ்சு பொரித்தது. குஞ்சுகள் வளர்ந்து கோழிகளாகித் தெருவில் மேய்ந்தன. ஆதிலட்சுமி அவற்றில் ஒன்றையும் விற்கவில்லை, அறுக்கவும் இல்லை. அவன் காயத்தைப் பற்றி அவள் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான். "ஆறிச்சா நைனா?" அவனும் "ஆறிச்சிமா" என்பான். சென்னையில் ஆபரேஷன் நடந்தபோது மாடுகளைப் பார்த்துக்கொள்ள அவள் ஊரிலேயே இருந்துவிட்டாள். ஊருக்கு வந்தபோது பேண்டேஜ் இருந்தது. பேண்டேஜ் போனதும் ஹெல்மெட் வந்துவிட்டது. தூங்கும்போது தலையில் துண்டு. அந்த இடத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கும்படி அவன் பார்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி பாத்ரூம் கண்ணாடியில் முதன்முதலாக அதைப் பார்த்த அன்று மோகன்குமார் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டான். கீழே விழுந்து அமுங்கிய எவர்சில்வர் சொம்புபோல இருந்தது தலை. அந்தப் பள்ளத்தில் தோல் மெல்ல ஏறி இறங்கியது, தவளையின் தொண்டைபோல. தனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று அவன் யோசித்தான். தை மாதம் எலும்பை வைத்து மூடிய பிறகு, முடி வளர்ந்த பிறகு, காட்டிக்கொள்ளலாம். அதுவரை தலையில் அடி படக் கூடாது. அதுவரை அம்மா அதைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டு காரியத்தையும் ஒரே ஹெல்மெட் செய்துகொண்டிருந்தது.

காஞ்சிபுரத்தில் டாக்டர் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, இப்படியே தைவரை கொண்டுபோய்ச் சேருங்கள் என்றார். திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. திவ்யா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெல்லிய ரெயின்கோட் இரண்டு வாங்கினாள். அவளும் ஹெல்மெட் போட்டிருந்தாள். காஞ்சிபுரத்தில் ஹெல்மெட் இல்லாவிட்டால் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவரையும் பிடிக்கிறார்கள். மழையில் உத்திரமேரூரில் இறங்கி வண்டியை மாற்றலாமா என்று யோசித்தார்கள். மெக்கானிக் கடை பூட்டிக் கிடந்தது. கிதரிடம் போனில் கேட்டதற்கு, "காலையில கொண்டாந்து வுடுங்க, இன்னிக்கி மயையில எவன் கோழி துன்னப்போறான்" என்றான்.

சின்னப்பூண்டிக்குத் திரும்பும் சாலையில் இருபுறமும் நெல் வயல்கள். ஊர் முனையில் கழற்றிக்கொள்ளலாம் என்று திவ்யா மழையில் ஹெல்மெட்டோடே ஓட்டினாள். பொழுது இன்னும் சாயவில்லை, ஆனாலும் வெளிச்சம் கழுவிய பாத்திரம்போல மங்கலாக இருந்தது. மோகன்குமார் முன்கண்ணாடி வழியாக மழைத்துளிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தான். மோட்டார் கொட்டகையைத் தாண்டும்போது வயலுக்குள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். தலையில் மழைக்கு யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். அம்மா.

அவள் வாயைத் திறப்பதைப் பார்த்தான். சத்தம் அவனுக்கு வரவில்லை. மழைக்கு நிற்காமல் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்கிறாள் என்று அவள் வாய்க்கு ஒரு வாக்கியத்தைப் பொருத்திக்கொண்டான். சரி என்பதற்கு அடையாளமாக வலது கையை உயர்த்தி அசைத்தான்.

ஆதிலட்சுமி பார்த்தது வேறு. தெரியாத கறுப்பு வண்டி. அதில் இரண்டு கறுப்பு உருண்டைகள். பின்னால் இருந்தவன் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"வந்துட்டானுங்கடா! அவனுங்கதான்டா! புடிங்கடா!"

இதை முனையில் காவலிருந்தவர்கள் கேட்டார்கள். கார்த்திக்தான் முதலில் எழுந்தான். பக்கத்து வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவன். மோகன்குமாரை மோகனண்ணா என்று கூப்பிடுகிறவன். அவனும் இன்னும் இருவரும் ஒரு சவுக்குக் கழியை இழுத்துச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள்.

திவ்யா பிரேக்கை அழுத்தினாள். ஈரத்தில் வண்டி கொஞ்சம் வழுக்கி, கழிக்கு ஒரு அடி முன்னால் நின்றது.

"எறங்குடா! மூஞ்சியக் காட்டுடா, டேய்!"

மோகன்குமார், "டேய் கார்த்திக், நான்தான்டா" என்றான். மூடிய கண்ணாடிக்குள் அந்தக் குரல் அவன் காதுகளையே சுற்றியது. கண்ணாடியைத் தூக்கக் கை போவதற்குள் கார்த்திக் அவன் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தான். வார் இறுக்கிப் போட்டிருந்தது. ஹெல்மெட் வரவில்லை, தலைதான் அதனோடு போனது. ஸ்பாஞ்சை அறுத்த இடத்தின் விளிம்பு நகர்ந்து இடது பக்கத்தில் அழுந்தியது. மோகன்குமாருக்குக் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ விரிந்தது. வலி இல்லை. வெள்ளை மட்டும்தான்.

திவ்யா வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தாள். தன் ஹெல்மெட்டைக் கழற்றி வீசினாள். கார்த்திக்கின் மணிக்கட்டைப் பிடித்தாள், அது வரவில்லை என்றதும் கடித்தாள்.

"வுட்றா! அங்க எலும்பு இல்லடா! எலும்பு இல்லடா பாவி!"

கார்த்திக் கையை எடுத்தான். ரத்தம் வந்த மணிக்கட்டை அவன் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவற்றில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தான்.

"மோகனண்ணாவா? ஐயோ, செவப்பு வண்டி எங்க அண்ணி? நான் செவப்பு வண்டின்னு..."

மோகன்குமார் கீழே கிடந்த சவுக்குக் கழியின் மேல் உட்கார்ந்தான். உலகம் மெதுவாகத் தன் நிறங்களுக்குத் திரும்பியது. முன்கண்ணாடியைத் தூக்கினான். மழையின் சத்தம் உள்ளே வந்தது. கூடவே வரப்பில் யாரோ ஓடிவரும் சத்தமும் வந்தது.

ஆதிலட்சுமி களைக்கொத்தை ஓங்கியபடியே சாலைக்கு ஏறினாள். "வுடாதீங்கடா, கைய ஒடிங்கடா" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தவள், முதலில் திவ்யாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழியின் மேல் உட்கார்ந்திருந்த உருண்டையைப் பார்த்தாள். கொத்து ஓங்கின இடத்திலேயே நின்றது. திவ்யாதான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எம்மா, நான்தான்" என்றான் மோகன்குமார்.

அவள் "சரி நைனா" என்று சொல்லவில்லை.

சத்தம் கேட்டுத் தாண்டவராயன் குடையோடு வந்தார். அவர் பின்னால் ஒரு பத்துப் பேர். என்ன நடந்தது என்று கார்த்திக் ஒருமுறை சொன்னான், மற்றவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றியதும் பேச்சு தானாகத் தொடங்கிவிட்டது.

"இதுக்குத்தான் சொன்னேன், ஊருக்குள்ள வர சொல்ல கழட்டணும்னு."

"யோவ், அவன் கழட்ட முடியாதுன்னுதானே போட்டுக்கினு கீறான்?"

"வண்டிய மாத்திக்கினு வர சொல்ல ஒரு போன் பண்ணா இன்னா?"

"அவன் ஹெல்மெட்டுல பின்னாடி பேர எய்திடலாம். பெருசா, மோகன்குமார்னு."

"அப்ப திருடனும் மோகன்குமார்னு எய்திக்கினு வருவான்."

"மஞ்சப் பெயின்ட்டு அடிச்சிட்லாம்."

"போர்ட எட்துட்லாம் மெம்பரே. வம்பு."

"எடுத்துட்டா? நாளிக்கி இன்னொரு பொம்பள கழுத்து அறுந்தா நீ பதில் சொல்றியா?" என்று தாண்டவராயன் குரலை உயர்த்தினார். "இவன் ஒருத்தனுக்காவ ஊர தொறந்து வுட முடியுமா? ஆதிலச்சுமி, நீ சொல்லு. ஒனக்காவத்தான் போர்டே வெச்சோம்."

ஆதிலட்சுமி அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் மகனுடைய ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்குக் கொங்காணி நழுவி, நரைத்த தலை நனைந்துகொண்டிருந்தது. அவள் உடம்பு உதறியது, ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

திவ்யா மோகன்குமார் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எத்தினி வெரலு?"

"மூணு."

"தல சுத்துதா?"

"இல்ல."

"காதாண்ட ஈரமா கீதா? மயையா, இல்ல வேற இன்னாவாச்சுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. இடது காதுக்கு மேலே வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது. மழை இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்குமா என்று யோசித்தான்.

"கழட்டிப் பாத்துர்லாம்" என்று திவ்யா வாரில் கை வைத்தாள். "அழுந்திச்சில்ல, இப்பவே பாக்கணும். ரத்தம் வந்தா திரும்பக் காஞ்சிவரம் போவணும்."

மோகன்குமார் இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டை மேலிருந்து பிடித்துக்கொண்டான். "வூட்ல போயி பாத்துக்கலாம்."

"இன்னாங்க, வெளையாட்றீங்களா?"

"வூட்ல போயி. கதவ சாத்திக்கினு."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி மாமியாரைப் பார்த்தாள். வாரிலிருந்து விரல்களை எடுத்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. பின்னால் மஞ்சள் பெயின்ட் நல்லதா, பேர் எழுதுவது நல்லதா என்ற வாதம் நடந்துகொண்டிருந்தது.

ஆதிலட்சுமி இரண்டு அடி எடுத்து வைத்தாள். மூன்றாவது அடிக்கு நின்றாள். முந்தானையைப் பிழிந்து, சேறு படிந்த கைகளை மெதுவாக, விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு வந்து திவ்யாவின் பக்கத்தில் சாலையிலேயே உட்கார்ந்தாள். இப்போது அவள் முகம் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. கழுத்தில் சங்கிலி அறுத்த தழும்பு மழையில் கறுத்துத் தெரிந்தது. வாய் கோணியது. வாதிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் கேட்காத குரலில் அவள் பேசினாள். அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆறிச்சான்னு கேட்டுக்கினே கீறேனே நைனா. நீயும் ஆறிச்சின்னு சொல்லிக்கினே கீற. கதவு வாணாம். இங்கயே கழட்டு. நான் பாக்கறேன். நான் பாக்கணும் நைனா. கழட்டு."